உலகத்துலயே பழைய சர்ச் எது? அடிக்கடி கேக்குற கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

சுத்தி வளைக்காம சொல்லுங்க, உலகத்துலயே பழைய சர்ச் எது?

சுத்தி வளைக்காம சொல்ல முடியாது, அதான் இதுல சிக்கலே. பழைய சர்ச்னு சொல்றப்ப ஒருத்தர் இடத்தை சொல்றார், இன்னொருத்தர் இப்ப நிக்கிற சுவரை சொல்றார், மூணாவது ஆள் நடுவுல விடாம வழிபாடு நடந்திருக்கான்னு பாக்குறார். மூணுக்கும் வேற வேற பதில் வரும். வாசல்ல போர்டு வைக்கிறவங்க இந்த மூணுல எந்த வருஷம் பழசா இருக்கோ அதை எடுத்து பெருசா எழுதிடுவாங்க, சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

இடிபாடையும் சேத்துக்கலாம்னா சிரியால இருக்குற டூரா யூரோப்பஸ் வீட்டு சர்ச், 3ஆம் நூற்றாண்டு. கூரையோட நிக்கணும், இன்னைக்கும் உள்ள ஜெபம் நடக்கணும்னா பெத்லகேம் பிறப்பு ஆலயம், ரோம்ல சான்டா சபினா, ஜெர்மனில ட்ரியர் பேராலயம், எகிப்துல சினாய் மலை மடம்னு ஒரு சின்ன கூட்டம் வரும். யாராவது ஒரே ஒரு பேரை மட்டும் அடிச்சு சொன்னா "எந்தப் பகுதி அவ்வளவு பழசு?"னு கேளுங்க, அந்த ஒரு கேள்வி போதும்.

டூரா யூரோப்பஸ்ல அப்படி என்ன இருக்கு?

யூப்ரடீஸ் ஆத்தங்கரைல ரோமப் படை காவல் இருந்த ஒரு எல்லை ஊர். அங்க ஒரு சாதாரண வீடு, சுவர் பூச்சுல யாரோ கிறுக்கி வச்ச வருஷக் கணக்கு இப்ப நம்ம கணக்குல 232-233க்கு வருது. அதுக்கு கொஞ்ச வருஷம் கழிச்சு வீட்டுக்குள்ள ரெண்டு ரூமுக்கு நடுவுல இருந்த சுவரை எடுத்துட்டு ஒரு ஹாலா ஆக்கியிருக்காங்க, இன்னொரு சின்ன ரூம்ல தொட்டி கட்டி ஞானஸ்நானம் குடுக்குற இடமா மாத்தியிருக்காங்க. வெளிய இருந்து பாத்தா பக்கத்து வீட்டுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது, கோபுரமும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

ஆனா அந்த சின்ன ரூம் சுவர்ல நல்ல மேய்ப்பன், திமிர்வாதக்காரன் குணமாகி படுக்கையை தூக்கிட்டு நடக்குறது, இயேசுவும் பேதுருவும் தண்ணி மேல நடக்குறதுன்னு ஓவியங்கள் இருந்துச்சு. கிறிஸ்தவ ஓவியம்னு நமக்கு கிடைச்சதுலயே ரொம்ப பழசான வரிசைல இது இருக்கு. இதுல பிரமாண்டம்னு எதுவும் இல்ல, கை தேர்ந்த ஓவியர் வேலை மாதிரியும் இல்ல, அதனாலயே எனக்கு இது ரொம்ப பிடிக்கும்.

இது தப்பிச்சதுக்கு காரணம் ஒரு போர். 256 வாக்குல பாரசீகப் படை முற்றுகை போட்டப்ப, ஊர் மதில் இடிஞ்சிடக் கூடாதுன்னு ரோமர்கள் மதிலை ஒட்டி இருந்த தெருவையே மண்ணைப் போட்டு மூடிட்டாங்க, அந்தத் தெருவுல இருந்த இந்த வீடும், யூதர்களோட ஜெபக்கூடமும் எல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. ஊரும் விழுந்துச்சு, அப்புறம் யாரும் திரும்பி வந்து குடியேறல. 1920ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க அங்க பள்ளம் தோண்டுறப்ப ஒரு கோவிலோட சுவரோவியம் வெளிய வந்து ஊர் இருக்குறதே தெரிய வந்துச்சு. சர்ச் கிடைச்சது 1930கள் ஆரம்பத்துல, யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சுக்காரங்களும் சேந்து தோண்டினப்ப. ஓவியங்களை பெயர்த்து அமெரிக்காவுக்கு கொண்டு போய்ட்டாங்க, இப்ப யேல் பல்கலைக்கழக ஓவியக் கூடத்துல இருக்கு. கொண்டு போனது சரியான்னு ஒரு வாதம் உண்டுதான், ஆனா சிரியா உள்நாட்டுப் போர்ல அந்த இடத்தை ஆயிரக்கணக்குல குழி தோண்டி கொள்ளையடிச்சதையும் சேத்துதான் யோசிக்கணும்.

இஸ்ரேல்ல ஜெயிலுக்குள்ள ஒரு சர்ச் கிடைச்சதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. 2005ல மெகிதோ ஜெயில் வளாகத்துல புதுசா கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி தோண்டிப் பாத்தப்ப ஒரு மொசைக் தரை வெளிய வந்துச்சு, தோண்டுற வேலைல கைதிகளும் இருந்தாங்க. நடுவுல மீன் படம், கூட கிரேக்கத்துல எழுத்து. அக்கெப்தூஸ்னு ஒரு பெண்மணி "கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு" நினைவா மேஜை குடுத்ததா ஒரு வாசகம். கயானுஸ்னு ஒரு ரோம ராணுவ அதிகாரி சொந்தக் காசுல தரை போட்டுக் குடுத்ததா இன்னொண்ணு, அதுலயே தரையை போட்ட கைவினைஞர் புருத்தியுஸ் பேரும் இருக்கு. இன்னும் நாலு பெண்களை நினைவு கூரச் சொல்லியும் எழுதியிருக்கு.

கிறிஸ்தவங்களை ரோம அரசு விட்டு விட்டு பிடிச்சுட்டிருந்த காலத்துல ராணுவ அதிகாரியே பேரை போட்டு தரைக்கு காசு குடுத்திருக்கார்னா, எல்லா ஊர்லயும் எல்லா நாளும் பயந்து ஒளிஞ்சாங்கன்னு நம்ம மனசுல இருக்குற படம் முழு உண்மை இல்லன்னுதான் அர்த்தம். தோண்டினவங்க 230 வாக்குலன்னு கணிக்கிறாங்க, இல்ல அதுக்கு அப்புறம்தான் இருக்கணும்னு சொல்ற ஆய்வாளர்களும் இருக்காங்க. இதுவும் ஒரு பெரிய கட்டடத்துக்குள்ள இருந்த கூடம்தான், தனியா கட்டின சர்ச் இல்ல.

அப்ப சர்ச்சுக்குன்னே முதல்ல கட்டின கட்டடம் எது?

ஜோர்டான்ல அகாபா ஊர்ல 1998ல கிடைச்ச ஒரு செங்கல் கட்டடத்தை சொல்வாங்க, சுட்ட செங்கல் இல்ல, மண் செங்கல். 3ஆம் நூற்றாண்டு முடியுறப்ப, இல்லன்னா 4ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கட்டினதுன்னு அங்க கிடைச்ச மண்பாண்டத் துண்டுகளை வச்சு சொல்றாங்க. கிழக்கு மேற்கா நீளம், பீடம் இருக்க வேண்டிய இடம் எல்லாம் பொருந்துது, ஆனா சர்ச்தான்னு நேரடியா சொல்ற எழுத்து எதுவும் இல்லாததால சந்தேகப்படுறவங்களும் இருக்காங்க. 363ல வந்த நிலநடுக்கத்தோட கைவிட்டிருக்காங்கன்னு நினைக்கிறாங்க.

300க்கு முன்னாடி உள்ளது ஏன் இவ்ளோ கம்மி?

முதல் காரணம், அப்ப வீடுகள்லதான் கூடினாங்க, வீடு இடிஞ்சா அதுல ஜெபம் நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க ஒண்ணும் மிஞ்சாது. டூரால ஓவியம் மட்டும் இல்லன்னா அதையும் வெறும் வீடுன்னுதான் எழுதியிருப்பாங்க.

ரெண்டாவது, 303ல டயோக்ளீஷியன் பேரரசர் சர்ச்சுகளை இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அவர் தலைநகரா இருந்த நிக்கோமீடியால (இப்ப துருக்கில இருக்கு) அரண்மனைல இருந்து பாத்தா தெரியுற மாதிரி ஒரு பெரிய சர்ச் இருந்துச்சு, பிப்ரவரி 23ஆம் தேதி காவல் படை கோடாலியோட வந்து சில மணி நேரத்துல தரைமட்டம் ஆக்கிடுச்சுன்னு அந்தக் காலத்து ஆள் லக்டான்ஷியஸ் எழுதி வச்சிருக்கார். அதுல இருந்தே அப்ப பெரிய சர்ச்சுகளும் இருந்துச்சுன்னு தெரியுது.

மூணாவது காரணத்தை யாரும் அவ்வளவா சொல்றதில்ல, பக்தியும் பணமும்! 313க்கு அப்புறம் கிறிஸ்தவங்களுக்கு வழிபாட்டு சுதந்திரம் கிடைச்சு கான்ஸ்டன்டைன் பேரரசர் ஆதரவும் வந்ததும் பழைய சின்ன இடங்களை இடிச்சுட்டு அதே இடத்துல பெருசா கட்டினாங்க. கட்டினதையும் பின்னாடி வந்தவங்க இடிச்சு இன்னும் பெருசா கட்டினாங்க. ரோம்ல கான்ஸ்டன்டைன் காலத்து புனித பேதுரு பேராலயம் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல நின்னுச்சு, அதை இடிச்சது எதிரி இல்ல, போப்புகளேதான், 1506ல புதுசுக்கு கல் வச்சு 1626ல முடிச்சாங்க. வசதி வந்த ஊர்ல பழைய சர்ச் தப்பிக்கிறது கஷ்டம்.

ரோம் கேட்டகோம்புகள்தான் முதல் சர்ச்சுகள்னு படிச்சேனே?

அது நிலத்துக்கு அடியில குடைஞ்ச கல்லறைங்க. செத்தவங்க நினைவு நாள்ல அங்க போய் கூடி சாப்பிட்டு ஜெபிச்சிருக்காங்க, வாராவாரம் ஒளிஞ்சு வழிபட்ட இடம்ங்கறது பின்னாடி கிளம்பின கதை.

பெத்லகேம் பிறப்பு ஆலயம் கான்ஸ்டன்டைன் கட்டினதுதானே?

பாதி சரி. கான்ஸ்டன்டைன் காலத்துல கட்டி 339ல அர்ப்பணிச்ச ஆலயம் 6ஆம் நூற்றாண்டுல சமாரியர் கிளர்ச்சி நடந்தப்ப சேதமாச்சு, இப்ப நாம பாக்குற சுவர், தூண் வரிசை எல்லாம் அதுக்கப்புறம் ஜஸ்டினியன் பேரரசர் காலத்துல எழுந்தது. பழசுல மிஞ்சினது தரை மொசைக், இப்ப இருக்குற தரைக்கு கீழ, மரக் கதவைத் திறந்து காட்டுவாங்க. ஜஸ்டினியன் காலத்ததுன்னே வச்சாலும் ஏறக்குறைய 1,500 வருஷம், விடாம வழிபாடு நடக்குது, இதுக்கு மேல என்ன வேணும்?

614ல பாரசீகப் படை வந்து அந்தப் பக்கத்து சர்ச்சுகளை நொறுக்கினப்ப இதை மட்டும் விட்டுச்சுன்னும், காரணம் முகப்புல இருந்த, குழந்தை இயேசுவைப் பாக்க வந்த மூன்று ராஜாக்கள் படத்துல அவங்க பாரசீக உடைல இருந்ததுதான்னும் ஒரு கதை உண்டு. கதை பின்னாடி எழுதினது, ஆனா கட்டடம் தப்பிச்சது நிஜம். இன்னொரு விஷயம், அதோட வாசலை அடைச்சு அடைச்சு சின்னதாக்கி இப்ப சுமார் 1.2 மீட்டர் உயரம்தான், குனியாம யாரும் உள்ள போக முடியாது. குதிரையோட யாரும் உள்ள நுழையக் கூடாதுன்னு செஞ்சதா சொல்வாங்க.

ஜெருசலேம் பரிசுத்த கல்லறை ஆலயம்?

335ல அர்ப்பணிச்சது, 1009ல கலீஃபா அல் ஹாக்கிம் உத்தரவுல இடிச்சாங்க, 11ஆம் நூற்றாண்டு நடுவுல திரும்பக் கட்டினாங்க, சிலுவைப் போர்க்காரங்க பெருசாக்கினாங்க, 1808ல தீப்பிடிச்சது. அதனால கட்டடமா பாத்தா ஒட்டுப் போட்டதுதான். ஆனா கல்லறை மேல இருக்குற சின்ன மண்டபத்தை 2016ல பழுது பாக்க திறந்தப்ப, கல்லுக்கும் அது மேல பதிச்ச பளிங்குப் பலகைக்கும் நடுவுல இருந்த சுண்ணாம்புக் கலவையை எடுத்து சோதிச்சாங்க, 345 வாக்குலன்னு வந்துச்சு. மணல்ல இருக்குற குவார்ட்ஸ் துகள் கடைசியா எப்ப வெளிச்சத்தைப் பாத்துச்சுன்னு அளக்குற முறை அது. அதாவது கான்ஸ்டன்டைன் காலத்து வேலை அடியில இன்னும் இருக்கு, இத்தனை இடிச்சும்!

ஆர்மீனியா எச்மியாட்சின் 301ல கட்டினதுன்னு போடறாங்களே?

ஆர்மீனியாதான் கிறிஸ்தவத்தை அரச மதமா ஏத்துக்கிட்ட முதல் நாடு, மரபுக் கணக்கு 301. புனித கிரகோரி உடனே அந்தப் பேராலயத்தை கட்டத் தொடங்கினார்னு அவங்க பாரம்பரியம். 1950கள்ல உள்ள தோண்டினப்ப பழைய அடித்தளம் கிடைச்சது, ஆனா இப்ப நிக்கிற கட்டடத்தோட அமைப்பு 480கள்ல ஆர்மீனியத் தலைவர் வாஹான் மாமிகோனியன் திரும்பக் கட்டினப்ப வந்தது, மணிக்கூண்டு 17ஆம் நூற்றாண்டு. உலகத்துலயே பழைய பேராலயம்னு அவங்க சொல்றதை முழுசா தள்ளவும் முடியாது, 301ன்னு அப்படியே விழுங்கவும் முடியாது. பக்கத்து நாடு ஜார்ஜியால போல்னிசி சியோனி, 478ல இருந்து 493க்குள்ள கட்டினது, சுவர்லயே ஜார்ஜிய எழுத்துல கல்வெட்டு இருக்கு, சத்தம் போடாம நிக்குது.

ஐரோப்பால கூரையோட நிக்கிறதுல எதைப் பாக்கணும்?

என்னைக் கேட்டா ரோம்ல சான்டா சபினா. 422ல இருந்து 432க்குள்ள கட்டினது, 5ஆம் நூற்றாண்டு சர்ச்சுக்குள்ள எப்படி இருந்திருக்கும்னு உடனே புரியுற இடம், நேர் கோடு, 24 தூண், மேல வரிசையா ஜன்னல், அவ்ளோதான். நியாயமா ஒண்ணு சொல்லணும், நடுவுல வந்த அலங்காரத்தை எல்லாம் 20ஆம் நூற்றாண்டுல எடுத்துட்டுதான் பழைய தோற்றத்துக்கு கொண்டு வந்தாங்க. ஆனா மரக் கதவு அசல். சைப்ரஸ் மரத்துல செதுக்கின 28 பலகைல 18 இன்னும் இருக்கு, அதுல ஒண்ணு இயேசு சிலுவைல இருக்குற காட்சி, பொதுவுல வச்ச சிலுவைக் காட்சிகள்ல ரொம்ப பழசு அது. அதுல சிலுவை மரமே சரியா தெரியாது, கை விரிச்சு நிக்கிற மூணு பேர் மாதிரிதான் இருக்கும்.

ஜெர்மனி ட்ரியர் பேராலயத்துக்குள்ள 4ஆம் நூற்றாண்டு ரோமச் சுவர் இன்னும் பெரிய அளவுல நிக்குது, பின்னாடி வந்தவங்க அதை இடிக்காம சுத்தி சுத்தி கட்டிட்டே போனாங்க. அதே ஊர்ல கான்ஸ்டன்டைன் தர்பார் மண்டபம் ஒண்ணு இருக்கு, 310 வாக்குல கட்டினது, 33 மீட்டர் உயரம், பாத்தா பழைய பசிலிக்கா சர்ச்னு சத்தியம் பண்ணுவீங்க. ஆனா அது 1856லதான் புராட்டஸ்டன்ட் சர்ச் ஆச்சு. கட்டடம் பழசு, சர்ச் புதுசு.

கோவிலா இருந்து சர்ச்சா மாறினதை கணக்குல சேக்கலாமா?

சேத்தா ஆட்டமே மாறிடும். ரோம் பேந்தியன் 2ஆம் நூற்றாண்டு கட்டடம், சர்ச்சானது 609ல. சிசிலில சிராக்யூஸ் பேராலயச் சுவருக்குள்ள ஏதீனா கோவில் தூண்கள் அப்படியே நிக்குது, அது இயேசு பிறக்குறதுக்கு 400 வருஷத்துக்கும் மேல முந்தினது! சிரியால எஸ்ரா ஊர் புனித ஜார்ஜ் ஆலயம் 515ல கட்டினது, வாசல் கல்வெட்டுலயே பேய்கள் தங்கின இடம் கடவுள் வீடாச்சுன்னு பெருமையா எழுதி வச்சிருக்காங்க.

எல்லாத்தையும் விட குரோஷியால ஸ்ப்ளிட் பேராலயம்தான் வேடிக்கை. அது டயோக்ளீஷியன் தனக்காக 305 வாக்குல கட்டிக்கிட்ட கல்லறை மண்டபம், ஆமா, சர்ச்சுகளை இடிக்கச் சொன்ன அதே ஆள். 7ஆம் நூற்றாண்டுல அவர் உடல் இருந்த கல் பெட்டி போன இடம் தெரியல, அவர் ஆட்சில கொன்ன பிஷப் தோம்னியுஸ் பேர்ல அங்க சர்ச் வந்துடுச்சு.

ஹகியா சோபியா இந்த லிஸ்ட்ல வராதா?

இஸ்தான்புல்ல இருக்குற இது வயசுல இளையது, 532ல இருந்து 537க்குள்ள கட்டினது, அதே இடத்துல நின்ன மூணாவது கட்டடம். குவிமாடம் 558ல விழுந்து 562ல திரும்ப எழுந்தது. 1453ல மசூதி, 1930கள்ல மியூசியம், 2020ல திரும்ப மசூதி. மசூதியா இருந்ததாலதான் தொடர்ந்து பராமரிச்சாங்கன்னும் பாக்கணும், ஆள் இல்லாம விட்ட சர்ச்சுகள் இஸ்தான்புல்ல எத்தனையோ மண்ணாப் போச்சு.

சினாய் மடம் ஏன் இவ்ளோ ஸ்பெஷல்?

பாலைவனம், யாருக்கும் வழில இல்லாத இடம், அதனால 6ஆம் நூற்றாண்டு சர்ச் கூரை மரத்தோட மிஞ்சிடுச்சு. புனித கேத்தரின் மடத்து ஆலயக் கூரை உத்திரத்துல ஜஸ்டினியன் நலமா இருக்கணும்னும், மறைந்த ராணி தியோடோரா ஆத்மா இளைப்பாறணும்னும் செதுக்கியிருக்காங்க. ராணி செத்தது 548, ராஜா செத்தது 565, அப்ப கட்டடம் இந்த ரெண்டுக்கும் நடுவுல. இதை விட சுத்தமான தேதி கணிப்பு எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல, லேப் கூட தேவைப்படல. மரக் கதவும் அந்தக் காலத்ததே. 8, 9ஆம் நூற்றாண்டுல பைசாந்தியப் பேரரசு முழுக்க புனிதர் படங்களை உடைச்சப்ப இந்த இடம் முஸ்லிம் ஆட்சில இருந்ததால உத்தரவு இங்க செல்லுபடி ஆகல, அதனால உலகத்துலயே பழைய படங்கள் பல இங்கதான் இருக்கு.

இங்கிலாந்துல?

கேன்டர்பரி புனித மார்ட்டின். 597ல ரோம்ல இருந்து மதம் பரப்ப அகஸ்டின் வர்றதுக்கு முன்னாடியே கென்ட் ராணி பெர்த்தா அங்க ஜெபிச்சுட்டிருந்தாங்க, சுவர்ல ரோமச் செங்கல் தெரியும், இன்னைக்கும் ஆராதனை உண்டு. எஸெக்ஸ் கடற்கரைல பிராட்வெல்னு ஒரு ஊர்ல புனித பேதுரு சிற்றாலயம், 654 வாக்குல ரோமக் கோட்டைக் கல்லை எடுத்து கட்டினது, நடுவுல ரொம்ப காலம் தானியக் கொட்டகையா இருந்துச்சு, 1920ல திரும்ப சர்ச் ஆச்சு. கொட்டகைன்னு நினைச்சதால யாரும் இடிச்சு அழகா கட்டல.

இந்தியால தோமா கட்டின சர்ச்சுகள் கி.பி. 52ன்னு சொல்றாங்களே?

52ங்கறது இயேசுவோட சீடர் தோமா வந்ததா சொல்ற மரபு, கேரளத்துல பழைய கிறிஸ்தவ சமூகம் ரொம்ப காலமா இருக்குறது நிச்சயம். ஆனா இப்ப நிக்கிற கட்டடம் எதுவும் அந்தக் காலத்தது இல்ல. பழசா கைல இருக்குறது பஹ்லவிங்கற பழைய பாரசீக எழுத்து வெட்டின கல் சிலுவைகள், கோட்டயம் வலிய பள்ளில பாக்கலாம், சென்னை பரங்கிமலைலயும் ஒண்ணு இருக்கு. ஐரோப்பியர் கட்டினதுல பழசு கொச்சி புனித பிரான்சிஸ் ஆலயம், 1503ல மரத்துல தொடங்கி 1516ல கல்லானது, 1524ல வாஸ்கோ ட காமாவை புதைச்சது அங்கதான், 1539ல எலும்பை போர்ச்சுகலுக்கு எடுத்துட்டுப் போய்ட்டாங்க.

எத்தியோப்பியா லாலிபெலா ரொம்ப பழசுதானே?

பாத்தா அப்படித்தான் தோணும், ஒரே பாறையை மேல இருந்து கீழ குடைஞ்ச 11 சர்ச். ஆனா பொதுவா 12, 13ஆம் நூற்றாண்டுன்னுதான் சொல்றாங்க. எத்தியோப்பியா கிறிஸ்தவ நாடானது 4ஆம் நூற்றாண்டு, அந்தக் காலத்து ஆக்சும் மரியா ஆலயத்துல இப்ப நிக்கிற பழைய கட்டடம் 17ஆம் நூற்றாண்டு.

அமெரிக்கக் கண்டத்துல?

டொமினிக்கன் குடியரசு சான்டோ டொமிங்கோ பேராலயம், வேலை 1510கள்ல தொடங்கி 1540 வாக்குல முடிஞ்சது, கண்டத்துலயே பழைய பேராலயம். அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குள்ளன்னா சான்டா ஃபே சான் மிகெல் ஆலயத்தை காட்டுவாங்க, 1610 வாக்குல கட்டினதுன்னு. 1680ல பியூப்லோங்கற பூர்வகுடி மக்கள் கிளர்ச்சில அது எரிஞ்சு, 1710ல திரும்பக் கட்டினது அது, அங்கயும் போய் "எந்தப் பகுதி?"னு கேட்டுக்கோங்க.